முன்தேர்வு, பின்தேர்வு இரண்டும் ஒரே ஆட்களிடம் என்றால்

பேர்டு டி-டெஸ்ட் போடுங்கள், அதாவது ஒவ்வொருவரின் இரண்டு மதிப்பெண்ணையும் ஜோடியாக ஒப்பிடும் சோதனை. தேவனாம்பட்டினத்தில் அதே 60 தாய்மார்களிடம்தான் ஓ.ஆர்.எஸ். (வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் உப்புச் சர்க்கரைக் கரைசல்) வகுப்புக்கு முன்னும் பின்னும் கேட்டிருக்கிறீர்கள். மதிப்பெண் கூடியும் பி மதிப்பு (உண்மையில் மாற்றமே இல்லாவிட்டாலும் இவ்வளவு வித்தியாசம் தற்செயலாக வரும் வாய்ப்பு) வழக்கமான 0.05-க்குக் கீழே வராமல் 0.09-இல் நிற்கிறது என்கிறீர்கள். இரண்டு தடவையும் வேறு வேறு ஆட்கள் என்று எடுத்துக்கொண்டு இண்டிபெண்டன்ட் டி-டெஸ்ட் ஓட்டியதுதான் காரணமாக இருக்கும்.

எஸ்பிஎஸ்எஸ் (புள்ளியியல் மென்பொருள்) தரும் அட்டவணையில் டிஎஃப் (டிகிரீஸ் ஆஃப் ஃப்ரீடம்) என்ற எண்ணைப் பாருங்கள். 118 (60+60-2) என்றால் தப்பான டெஸ்ட். 59 (60-1) வர வேண்டும். ஒவ்வொரு தாயின் இரண்டு மதிப்பெண்ணும் ஒரே வரியில் பக்கத்தில் பக்கத்தில் இருக்க வேண்டும். வினாத்தாளில் எண் போட்டீர்கள்தானே? போடவில்லையென்றால் தயவுசெய்து ஊகித்துச் சேர்க்காதீர்கள், கைடிடம் உள்ளதைச் சொல்லிவிடுங்கள்.

முன், பின் மதிப்பெண் வித்தியாசங்கள் மணி வடிவப் பரவலிலிருந்து ரொம்ப விலகியிருந்தால், டி-டெஸ்டுக்குப் பதிலாக வில்காக்சன் சைன்டு ரேங்க் டெஸ்ட் போடுங்கள்.

பி 0.05-க்குக் கீழே வந்தாலும் “என் வகுப்பால்தான்” என்று எழுதாதீர்கள், வகுப்பு எடுக்காத ஒப்பீட்டுக் குழு இல்லையே. இடையில் கிராம செவிலியர் வந்து பாக்கெட் கொடுத்து விளக்கியிருக்கலாம். ஒரு தடவை பார்த்த கேள்வி மறுபடி எளிதாகவும் இருக்கும். அப்புறம், பதில் தெரிவது வேறு, ஒரு லிட்டருக்கான பாக்கெட்டை அளந்த தண்ணீரில் முழுசாகக் கலக்குவது வேறு. முடிந்தால் பத்துப் பேரையாவது உங்கள் முன்னால் கலக்கச் சொல்லிப் பாருங்கள்.