பேயும் ஆட்சியும்: இருண்ட நாவல்களைப் படிப்பது பற்றி

வணக்கம்.

சில வருடங்களாகவே நான் விரும்பிப் படிப்பது இருண்ட நாவல்களைத்தான். பேய்க்கதைகள், அமானுஷ்யம், கொடுங்கோல் ஆட்சிகளைச் சொல்லும் டிஸ்டோப்பியா நாவல்கள். "இதையே படித்துக்கொண்டிருந்தால் மனசு கெட்டுப்போகும்" என்கிறார்கள் வீட்டில். ஆனால் படித்து முடித்ததும் எனக்கு ஒரு அமைதிதான் வருகிறது. அது ஏனென்று புரியாமல் உறுத்துகிறது. டிஸ்டோப்பியா நாவல்கள் மட்டும் சில சமயம் எந்த நம்பிக்கையும் மிச்சமில்லாமல் செய்துவிடுகின்றன. பேயையும் அரசியலையும் ஒரே ஆள் இப்படி விரும்புவது இயல்புதானா? இதில் ஏதாவது தவறு இருக்கிறதா?

ம.

அன்புள்ள ம.,

தவறு ஒன்றும் இல்லை. பேயும் ஆட்சியும் ஒன்றாக வருவதும் புதிதல்ல. அச்சம் எதனால் பிறக்கிறது என்பதைத் தொல்காப்பியம் மெய்ப்பாட்டியலில் ஒரே நூற்பாவில் சொல்லிவிடுகிறது: "அணங்கே விலங்கே கள்வர்தம் இறையெனப் பிணங்கல் சாலா அச்சம் நான்கே." அணங்கு (பேய் போன்ற அமானுஷ்ய சக்தி), விலங்கு, கள்வர், தம்மை ஆள்பவர். நடுவில் இருக்கும் விலங்கையும் கள்வரையும் கூட்டம் சேர்த்து விரட்டலாம், கதவைப் பூட்டிக்கொள்ளலாம். முதலாவதும் கடைசியும் பூட்டிய வீட்டுக்குள்ளும் வரும். அவற்றிடம் மாட்டிக்கொண்டவருக்கு இன்னொரு துன்பமும் உண்டு. தனக்கு நடப்பதை வெளியே சொல்ல முடியாது, சொன்னாலும் நம்ப ஆள் இருக்காது. புதுமைப்பித்தனின் 'காஞ்சனை'யில் கதை சொல்பவரே ஓர் எழுத்தாளர். வீட்டுக்குள் வந்த அந்தப் பெண் யார், என்ன என்பது அவருக்கே கடைசிவரை உறுதிப்படுவதில்லை.

இந்த நாவல்களில் ஆட்கள் ஓயாமல் எழுதிக்கொண்டே இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். 1897இல் வந்த பிராம் ஸ்டோக்கரின் 'டிராகுலா' நாட்குறிப்புகளும் கடிதங்களும் தந்திகளும் செய்தித்தாள் துணுக்குகளுமாகவே நகர்கிறது. ஆளுக்கொரு மூலையில், தனக்குப் புத்தி பேதலித்துவிட்டதோ என்று பயந்துகொண்டிருக்கிறார்கள். அவர்களில் ஒருத்தியான மீனா எல்லாவற்றையும் தட்டச்சு செய்து தேதிவாரியாக அடுக்கிய பிறகுதான் அவர்கள் பயந்தது ஒரே எதிரிக்கு என்பது எல்லோருக்கும் தெளிவாகிறது. டிராகுலா ஒருநாள் வந்து அந்தப் பிரதியை எரித்தும்விடுகிறான். நல்லவேளையாகப் பெட்டகத்தில் இன்னொரு நகல் இருக்கிறது. அந்த நாவல் என்றதும் எல்லோரும் பூண்டையும் சிலுவையையும் சொல்வார்கள், எனக்கு அந்த நகல்தான் முதலில் நினைவுக்கு வரும்.

டிஸ்டோப்பியாவிலும் இதுவே நடக்கிறது. ரஷ்ய எழுத்தாளர் எவ்கேனி ஸமியாத்தின் 1920-21இல் எழுதிய 'நாம்' நாவலின் நாயகனுக்குப் பெயர் கிடையாது, எண்தான். அவனும் குறிப்பேடு எழுதுகிறான். (அந்த நாவல் சொந்த நாட்டில் அச்சாக 1988 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.) ஜார்ஜ் ஆர்வெல்லின் '1984' நாவலில் நாயகன் வின்ஸ்டனுடைய கலகமும் ஒரு டைரியில்தான் தொடங்குகிறது. யாராவது ஒருவர் படிக்கமாட்டாரா, படித்து நம்பமாட்டாரா என்றுதான் இவர்கள் எழுதுகிறார்கள். அந்த ஒருவராக நீங்கள் போய் உட்கார்கிறீர்கள். உங்களுக்கு வரும் அமைதி அங்கிருந்துதான் வருகிறது என்று நினைக்கிறேன். சொல்ல முடியாமல் கிடந்த பயம் வரி வரியாகச் சொல்லப்படுவதைக் கூடவே இருந்து பார்த்துவிட்டால், நமக்குள் இருப்பதையும் யாரிடமாவது சொல்லலாம் என்று தோன்றிவிடுகிறது.

சரி, நம்பிக்கை மிச்சமில்லாமல் போவது பற்றி. '1984' படித்திருந்தால் உங்களிடம் ஒன்று கேட்கவேண்டும்: கடைசியில் இருக்கும் பின்னிணைப்பைப் படித்தீர்களா? வின்ஸ்டன் நொறுங்கியதோடு பலரும் புத்தகத்தை மூடிவிடுகிறார்கள். அதற்குப் பிறகு, அந்த ஆட்சி உருவாக்கிய மொழியைப் பற்றி ஒரு கட்டுரை வருகிறது. அது முழுக்க இறந்தகாலத்தில், சாதாரண ஆங்கிலத்தில் எழுதப்பட்டிருக்கிறது. அப்படியானால் அந்த ஆட்சி என்றோ ஒழிந்துவிட்டது, பிழைத்த யாரோ அதைப் பற்றி எழுதுகிறார்கள் என்று வாசிப்பவர்கள் உண்டு. அது மிகையான வாசிப்பு என்பவர்களும் உண்டு. நான் முதல் கட்சி. 1949இல் நாவல் வெளிவரும் சமயத்தில் ஓர் அமெரிக்கப் புத்தக கிளப் அந்தப் பின்னிணைப்பை நீக்கச் சொல்லிக் கேட்டது. பெரிய தொகை கைவிட்டுப் போகலாம் என்று தெரிந்தே ஆர்வெல் மறுத்தார். மார்கரெட் ஆட்வுட்டும் 1985இல் வந்த, ஒரு பெண் தன் கதையைச் சொல்லும் 'தி ஹேண்ட்மெய்ட்ஸ் டேல்' நாவலை, 2195இல் நடக்கும் ஓர் ஆய்வரங்கில் முடிக்கிறார். நாம் நடுங்கிக்கொண்டே படித்த ஆட்சி அங்கே பழைய வரலாறாகிவிட்டது. அந்தப் பெண்ணின் குரல் மட்டும் மிஞ்சியிருக்கிறது.

இதற்காக இருட்டாக இருப்பதெல்லாம் நல்ல நாவல் என்று சொல்லமாட்டேன். கொடூரத்தை அடுக்கிக்கொண்டே போவதைத் தவிர வேறெதுவும் தெரியாத புத்தகங்கள் நிறைய இருக்கின்றன. திகில் நாவல்கள் எழுதிய ஆங்கில எழுத்தாளர் ஆன் ராட்கிளிஃபின் கட்டுரை ஒன்று, அவர் இறந்தபிறகு 1826இல் வெளியானது. ஒருவகை பயம் மனசை விரித்து விழிக்கவைக்கும், இன்னொரு வகை சுருக்கி உறையவைக்கும் என்று அதில் பிரிக்கிறார். அந்த அளவுகோல் இன்றும் போதும். புத்தகத்தை மூடிய பிறகு மனசு கேள்வி கேட்டுக்கொண்டிருந்தால் தொடருங்கள். தூக்கம் கெட்டு, மனிதர்கள் மேலேயே வெறுப்பு வந்தால் பாதியிலேயே வைத்துவிடுங்கள். ஏற்கெனவே மனசு சோர்ந்திருக்கும் நாட்களில் நல்ல டிஸ்டோப்பியாவைக்கூடத் தொடவேண்டாம். அது அலமாரியில் காத்திருக்கும்.

எந்தெந்த நாவல்கள் உங்களை அப்படிச் சோர வைத்தன என்று எழுதுங்கள். பெயர் தெரிந்தால் இன்னும் குறிப்பாகப் பேசலாம்.

அன்புடன்