வாசகர் கேள்வி – பதில்: வரைபடம் முடிவதற்கு முன்னால் ஒரு கருத்து

கேள்வி: டன்லப் ஸ்திரீட் பக்கம் என் கடை இருக்கிறது. எங்கள் வரிசையில் மூன்று கடைவீடுகளை ஒன்றாக்கித் தங்குவிடுதி கட்டப்போவதாகப் பேச்சு. இங்கிலாந்தில் இத்தகைய திட்டங்களைச் சுயேச்சையான வடிவமைப்பு ஆலோசனைக் குழு ஒன்றிடம் காட்டிய பிறகே உள்ளூர் மன்றங்கள் முடிவெடுப்பதுண்டு என்று அங்கே படிக்கும் என் மகன் சொன்னான். அந்தக் குழு என்னதான் செய்கிறது ஐயா? நம் வட்டாரத்துக்கும் அப்படி ஒன்று கேட்கலாமா?
– வாசகர், லிட்டில் இந்தியா

பதில்: தாராளமாகக் கேட்கலாம். ஆனால் அந்தக் குழுவால் ஆவது எது, ஆகாதது எது என்று முதலில் பிரித்துக்கொள்ளுங்கள்.

இங்கிலாந்தில் 1999இல் அமைக்கப்பட்ட ஓர் அரசு ஆணையம், பெரிய கட்டடத் திட்டங்களின் வரைபடங்களை ஆராய்ந்து கருத்துச் சொல்லி வந்தது. 2011இல் அது வேறோர் அமைப்போடு இணைக்கப்பட்ட பிறகு, இந்தப் பணியில் பெரும்பகுதி உள்ளூர், வட்டாரக் குழுக்களிடம் போய்ச் சேர்ந்தது. கட்டடக் கலைஞர், நிலவனப்புக் கலைஞர், போக்குவரத்து வல்லுநர், மரபுடைமை அறிந்தவர் என்று நாலைந்து பேர் ஒரு தலைவரின் கீழ் அமர்கிறார்கள். முதலில் மனையைச் சுற்றிப் பார்ப்பார்கள். மேம்பாட்டாளரின் கட்டடக் கலைஞர் வரைபடங்களை விளக்குவார். கேள்விகளும் விவாதமும் முடிந்ததும் தலைவர் தொகுத்துச் சொல்வது கடிதமாக எழுதப்படும். கடிதம் வெறும் ஆலோசனைதான். அனுமதி தருவதும் மறுப்பதும் மன்றத்தின் வேலை. இருந்தாலும் அந்தப் பரிந்துரையை மன்றம் கருத்தில் கொள்ள வேண்டும் என்று அந்நாட்டின் தேசியத் திட்டமிடல் கொள்கையே சொல்வதால், அதை எளிதில் ஒதுக்கிவிட முடிவதில்லை.

என் பார்வையில், குழுவில் எத்தனை பெரிய பெயர்கள் இருக்கின்றன என்பதைவிட, வரைபடம் எந்தக் கட்டத்தில் அவர்கள் முன் வருகிறது என்பதே முக்கியம். தூண்களின் இடம், மின்தூக்கி, குழாய்கள், அறைகளின் எண்ணிக்கை எல்லாம் முடிவாகிவிட்ட பிறகு குழுவைக் கூட்டுவது, தாலி கட்டிய பிறகு பொருத்தம் பார்ப்பதைப் போன்றது. சுவரின் வண்ணத்தைத் தவிர அவர்கள் பேசுவதற்கு ஒன்றும் மிஞ்சியிருக்காது.

உங்கள் வரிசையையே எடுத்துக்கொள்வோம். தொடக்கத்திலேயே கூடும் நல்ல குழு, முகப்பின் அழகைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் இப்படிக் கேட்கும்: மூன்று வீடுகளும் ஒன்றானாலும் தெருவை நோக்கி மூன்று வாசல்கள் இருக்குமா, அல்லது ஒரு வாசலும் இரண்டு மூடிய கண்ணாடிகளும்தானா? நடுவிலுள்ள காற்றுமுற்றம் வானத்தைப் பார்த்தபடியே இருக்குமா? குளிரூட்டிகளின் வெளிப்பெட்டிகள் பின்சந்தில் யாருடைய சன்னலை நோக்கிச் சூடான காற்றைத் தள்ளும்? விடுதியின் சலவை மூட்டைகளை ஏற்ற வரும் லாரி, விடியற்காலையில் காய்கறிப் பெட்டிகள் இறங்கும் அதே இடத்தில்தான் நிற்குமா? இவற்றுக்கெல்லாம் விடை வரைபடத்திலேயே இருந்தாக வேண்டும். கட்டி முடித்த பிறகு கிடைக்காது.

அங்கே தங்குவிடுதி வரலாமா, கூடாதா என்பது குழுவின் கேள்வி அல்ல. அது நிலப் பயன்பாட்டைப் பற்றியது. சிங்கப்பூரின் நகர மறுசீரமைப்பு ஆணையம்தான் முடிவு செய்யும். உங்கள் கடை வாடகை ஏறுமா என்ற கவலைக்கும் குழுவிடம் மருந்தில்லை.

கேள்வி: ஆணையத்திடம் ஏற்கெனவே வல்லுநர் குழுக்கள் இருக்கும்போது இன்னொன்று எதற்கு?
– வாசகி, புவாங்கோக்

பதில்: நியாயமான கேள்வி. சில முக்கிய அரசாங்க நில விற்பனை மனைகளில், வடிவமைப்பு ஆலோசனைக் குழுவிடம் திட்டத்தைக் காட்ட வேண்டும் என்பது விற்பனை நிபந்தனையிலேயே இடம்பெறுவதுண்டு. 2002இல் பழைய கட்டடங்களைக் காப்பது பற்றிய பாதுகாப்பு ஆலோசனைக் குழு அமைந்தது. 2018இல் மரபுடைமை, அடையாளம் தொடர்பான பங்காளித்துவக் குழு வந்தது. லிட்டில் இந்தியா 1989ஆம் ஆண்டு ஜூலை 7ஆம் தேதியே பாதுகாக்கப்பட்ட வட்டாரமாக அறிவிக்கப்பட்டுவிட்டதால், அங்குள்ள கடைவீடுகளில் எதைத் தக்கவைக்க வேண்டும், எதைப் பழுதுபார்க்க வேண்டும் என்பதற்கு விரிவான விதிகளும் உள்ளன.

ஆனால் விதி வேறு, கருத்து வேறு. எல்லா விதிகளையும் நிறைவேற்றிய கட்டடம்கூடத் தெருவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கலாம். மேலும், அனுமதி மறுக்கப்பட்டால் விண்ணப்பதாரர் தேசிய வளர்ச்சி அமைச்சரிடம் மேல்முறையீடு செய்யலாம். அனுமதி கொடுக்கப்பட்டால் பக்கத்துக் கடைக்காரருக்கு அந்த வழி கிடையாது. ஆகவேதான், முடிவுக்கு முன்னால் வல்லுநர்கள் என்ன சொன்னார்கள் என்பதையாவது அவர் வாசிக்க முடிய வேண்டும் என்கிறேன். இங்கிலாந்தில் முறையான விண்ணப்பம் வரும்வரை கடிதத்தை இரகசியமாக வைத்திருப்பதும், வந்த பிறகு பொதுப்பார்வைக்கு வைப்பதும் வழக்கம். மேம்பாட்டாளரின் வணிக இரகசியமும் காக்கப்படுகிறது, ஊருக்கும் விவரம் தெரிகிறது. இந்த ஓர் ஏற்பாட்டுக்காகவே அந்த முறையை நாம் ஆராயலாம்.

கேள்வி: குழுவுக்கான செலவை மேம்பாட்டாளர்தான் கொடுப்பாராமே! காசு கொடுப்பவரைக் குறை சொல்லும் துணிவு யாருக்கு வரும்?
– வாசகர், ஜூரோங் வெஸ்ட்

பதில்: இங்கிலாந்தில் அரசு நிதி குறைந்த பிறகு, பல குழுக்கள் மேம்பாட்டாளரிடம் கட்டணம் வாங்கியே நடக்கின்றன என்பது உண்மை. கட்டணம் வாங்குவதையே நான் தவறென்று சொல்லமாட்டேன். திட்ட விண்ணப்பத்துக்கும் கட்டணம் கட்டத்தானே செய்கிறோம்? பணம் குழு உறுப்பினரின் கைக்கு நேரே போகாமல், செயலகத்துக்குப் போக வேண்டும். எந்தத் திட்டத்துக்கு யார் அமர்வது என்பதையும் செயலகமே தீர்மானிக்க வேண்டும்; மேம்பாட்டாளர் ஆளைப் பொறுக்கி எடுக்கக் கூடாது.

சிங்கப்பூரில் இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. நம்முடையது சிறிய ஊர். இன்று குழுவில் அமர்ந்து ஒருவரின் வரைபடத்தை விமர்சிக்கும் கட்டடக் கலைஞர், அடுத்த ஆண்டு அதே மேம்பாட்டாளரிடம் வேலைக்கு ஏலக்குத்தகை கேட்க வேண்டியிருக்கும். அருகிலுள்ள மனையில் வேலை இருப்பவர் விலகிக்கொள்ள வேண்டும் என்ற விதி மட்டும் போதாது. உறுப்பினர்களின் தொடர்புகளைப் பதிவேட்டில் வெளியிடுவது, பதவிக் காலத்துக்கு வரம்பு வைப்பது, மலேசியாவிலிருந்தோ ஆஸ்திரேலியாவிலிருந்தோ ஓரிருவரை அழைப்பது ஆகியவற்றையும் சேர்த்தே யோசிக்க வேண்டும். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் அடுக்குமாடிக் குடியிருப்புகளின் வடிவமைப்புத் தரத்துக்கென 2002இலேயே தனிக்கொள்கை கொண்டுவந்த இடம். குழுவில் உட்கார்ந்து பழகியவர்களுக்கு அங்கே பஞ்சமில்லை.

கேள்வி: என் தாயார் சக்கர நாற்காலியில் இருக்கிறார். அஞ்சடியில் கடைக்குக் கடை படி இருப்பதால், அவரைச் சாலையோரமாகத் தள்ளிக்கொண்டு போகிறேன். வல்லுநர் குழுவுக்கு இதெல்லாம் கண்ணில் படுமா?
– வாசகி, பூன் கெங்

பதில்: வரைபடத்தை மட்டும் பார்த்தால் படாது. தெருவின் இருபக்கமும் தொடர்ச்சியான, கூரையிட்ட நடைவழி இருக்க வேண்டும் என்று 1822இல் ராஃபிள்ஸ் பணித்ததிலிருந்து வளர்ந்ததுதான் அஞ்சடி. ஆனால் ஒவ்வொரு கடைவீடும் தன் தரைமட்டத்துக்கு ஏற்ப ஒரு படி ஏறியும் இறங்கியும் நிற்கிறது. ஒரே சமயத்தில் மூன்று கடைவீடுகளைச் சீரமைக்கும்போது, அந்தப் படிகளைச் சரிவாக மாற்ற அரிய வாய்ப்புக் கிடைக்கிறது. பழைய தரை ஓடுகளைக் காப்பதா, சரிவு அமைப்பதா என்ற இழுபறியும் அங்கேதான் எழும். அதைப் பேசித் தீர்ப்பதற்கென்றே குழுவில் மரபுடைமை அறிந்தவரும் உடற்குறையுள்ளோரின் நடமாட்டத்தை அறிந்தவரும் பக்கத்தில் பக்கத்தில் அமர வேண்டும். மனையைப் பார்க்கும் நேரத்தையும் கவனிக்க வேண்டும். வாரநாள் காலையில் அஞ்சடி காலியாக இருக்கும். ஞாயிறு மாலைக் கூட்டத்தில் அதே இடத்தில் நடந்து பார்க்கட்டும்.

கேள்வி: வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) பேட்டைகளில் இப்படியொரு குழுவுக்கு வேலை உண்டா?
– வாசகர், ஈசூன்

பதில்: உண்டு, சிறிய அளவில். 2007இல் அறிமுகமான அக்கம்பக்கப் புதுப்பிப்புத் திட்டம் நடப்பதற்குத் தகுதியுள்ள குடும்பங்களில் 75 விழுக்காட்டினர் ஆதரிக்க வேண்டும். ஆனால் வாக்கெடுப்புக்கு வரும்போது கூரையிட்ட நடைபாதை எங்கே, இறக்கிவிடும் இடம் எங்கே என்பதெல்லாம் பெரும்பாலும் வரைந்து முடிந்திருக்கும். நாம் ஆம் அல்லது இல்லை என்றுதான் சொல்ல முடியும். அதற்கு முன்பாக, வெளியார் இரண்டு மூன்று பேர் ஒரு மாலைப்பொழுது புளோக்குகளைச் சுற்றி நடந்து, ஒரே ஒரு பக்கத்தில் தங்கள் கருத்தை எழுதிக் கீழ்த்தள அறிவிப்புப் பலகையில் ஒட்டட்டும். இதற்குச் சட்டத்திருத்தம் எதுவும் தேவையில்லை. அடுத்த கூட்டத்திலேயே உங்கள் நகர மன்றத்திடம் கேட்டுப் பார்க்கலாம்.