இந்தோனேசியாவில் ஜகார்த்தாவிலிருந்து ஹூஷ் அதிவேக ரயிலில் பண்டுங் நகருக்குப் போக எந்த நிலையத்தில் இறங்குவது?

பாடலாரங்கில் இறங்குங்கள். பண்டுங்கின் பிராகா தெருவில் அறை எடுத்திருப்பதாகச் சொன்னீர்கள். அதற்குக் கடைசி நிலையமான தெகல்லுவார் சுற்றுவழி.

ஹூஷ் அதிவேக ரயிலுக்குப் பண்டுங் என்ற பெயரில் நிலையமே கிடையாது. டிக்கெட் எடுக்கும்போது நீங்கள் குழம்பியது அதனால்தான் என்று நினைக்கிறேன். தெகல்லுவார், பண்டுங் நகருக்குத் தென்கிழக்கே ஒதுங்கி இருக்கிறது. பாடலாரங் மேற்கே இருக்கும் பழைய ரயில் சந்திப்பு. 1884 முதல் சியாஞ்சூர் வழிப் பாதையும், 1906 முதல் புர்வகார்த்தா வழிப் பாதையும் அங்கே கூடுகின்றன. அதிவேக நிலையத்தை அதன் அருகிலேயே கட்டியது மிக நல்ல முடிவு.

1. டிக்கெட்டில் சேருமிடம் ‘பாடலாரங்’ என்றே இருக்கிறதா என்று இன்றே பாருங்கள்.
2. இறங்கியதும் இணைப்பு ரயிலுக்கான வழிகாட்டிப் பலகையைத் தொடருங்கள். கட்டணம் ஹூஷ் டிக்கெட்டிலேயே அடக்கம். சிமாஹியில் நின்று, சுமார் 20 நிமிடத்தில் சாதாரண ரயில்களுக்கான பண்டுங் நிலையம் சேர்ந்துவிடும். அங்கிருந்து பிராகா மிக அருகில்.

ஒன்றில் மட்டும் கவனம்: சிச்சலெங்கா செல்லும் உள்ளூர் ரயிலும் பாடலாரங்கிலிருந்தே புறப்படுகிறது. அதற்குத் தனி டிக்கெட் வேண்டும். வழியெங்கும் நின்று நின்று போகும். திரும்பும்போது, உங்கள் ஹூஷ் நேரத்துக்கு உரிய இணைப்பு ரயிலுக்கு முந்தையதிலேயே ஏறிவிடுங்கள்.