காந்தத்தை ஆராய நியூட்ரான் இருக்கும்போது எக்ஸ் கதிர் எதற்கு?

நியாயமான கேள்விதான். காந்த ஒழுங்கு, அதாவது அணுக்களின் குட்டிக் காந்தங்கள் முறையாக அடுக்கி நிற்பது, என்றாலே பாடநூல்கள் நியூட்ரானைத்தான் சொல்லும். நானும் அதை நம்பித்தான் ஆய்வுக்கு வந்தேன். கைக்குக் கிடைத்ததோ ஸ்ட்ரான்சியம் இரிடேட், ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத கறுப்புப் படிகம். நியூட்ரானுக்கு இந்த அளவு போதாது. போதாக்குறைக்கு, இரிடியம் நியூட்ரானை இரும்பைவிட நூறு மடங்குக்கும் மேலாக விழுங்கும்.

எக்ஸ் கதிரும் இயல்பில் காந்தத்தைப் பெரிதாகக் கண்டுகொள்ளாது. ஆனால் அதன் ஆற்றலை இரிடியத்தின் எல்3 விளிம்புக்கு (உள் எலக்ட்ரான் ஒன்றை மேலேற்றப் போதுமான ஆற்றலுக்கு), சுமார் 11.2 கிலோ எலக்ட்ரான்வோல்ட்டுக்கு, வைத்தால் நிலைமை தலைகீழ். உள்ளே கிடக்கும் 2பி எலக்ட்ரான் வெளிப்புறத்து 5டி நிலைக்கு ஏறி இறங்குகிறது. காந்தம் குடியிருப்பதும் அந்த 5டியில்தான்; அதனால் சிதறி வரும் கதிர் அதன் சேதியையும் கொண்டுவருகிறது. கதிரின் முனைவாக்கமும் (அலை அதிரும் திசையும்) திரும்பிவிடுவதால், காந்தத்தோடு தொடர்பில்லாத மின்னூட்டச் சிதறலை வடிகட்டிவிடலாம்.

இந்தக் காந்தத்தில் அப்படி என்ன விசேஷம்? எலக்ட்ரானின் தற்சுழற்சியும் சுற்றுப்பாதை இயக்கமும் பிரிக்க முடியாதபடி பின்னிக்கிடக்கின்றன. இலட்சியக் கணக்கில், காந்தத் திருப்புத்திறனில் (அணுக் காந்தத்தின் வலுவில்) மூன்றில் இரண்டு பங்கு சுற்றுப்பாதையுடையது. இரும்பில் பெரும்பங்கு தற்சுழற்சிக்கு. எல்3இல் காந்தச் சிகரம் (காந்த ஒழுங்கால் எழும் சிதறல் உச்சம்) ஓங்கி நிற்க, இன்னொரு விளிம்பான எல்2இல் அது ஏறக்குறைய மறைந்துபோவதை 2009இல் இந்தப் பின்னிய நிலைக்கான கைரேகையாகக் காட்டினார்கள். எனக்கு அதில் முழு நம்பிக்கை கிடையாது. திருப்புத்திறன்கள் படிகத் தளத்திலேயே படுத்திருந்தால், நிலை இலட்சியமாக இல்லாவிட்டாலும் எல்2 சிகரம் மறையும் என்று 2014இல் வந்த கட்டுரை காட்டியது. கைரேகை ஒன்றுதான், சொந்தக்காரர்கள் பலர்.

என் முதல் பீம்டைமில் (எக்ஸ் கதிர்க் கற்றையில் அளக்க ஒதுக்கிய நேரத்தில்) நள்ளிரவில் ஒரு சிகரம் கிடைத்தது. துள்ளிக் குதித்தேன். உடனிருந்த மூத்த ஆய்வாளர் அசையவில்லை. "சூடாக்கிப் பாருங்கள்" என்றார். சூடாக்குவது என்றாலும் இந்தப் பொருளின் காந்த ஒழுங்கு குலையும் 240 கெல்வின் என்பது பூச்சியத்துக்குக் கீழே 33 பாகை செல்சியஸ்தான். காந்தச் சிகரமானால் அங்கே மறைய வேண்டும்; இதுவோ அதைத் தாண்டியும் நின்றது. படிகத்தைச் சிதறல் அச்சைச் சுற்றிச் சற்றே திருப்பியதும் காணாமல் போனது. படிகத்துக்குள்ளேயே இருமுறை சிதறி வந்த கதிர் அது. காந்தத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

உண்மையான சிகரம் விடியற்காலையில்தான் கிடைத்தது. உயரத்தில் முந்தையதில் பாதிகூட இல்லை. மறுபடி சூடாக்கினோம். 240ஐ நெருங்க நெருங்கத் தேய்ந்து, பிறகு இல்லாமலே போனது.