“போனை நீ எடுக்காதே” என்கிறார் கணவர்

கேள்வி: எனக்கு வயது 46. மும்பை செம்பூரில் இருக்கிறோம். நான்கு வருடங்களுக்கு முன் குரல் நெரிய ஆரம்பித்தது. ஒரு வருடம் அலைந்த பிறகு ‘ஸ்பாஸ்மோடிக் டிஸ்ஃபோனியா’ என்றார்கள். ஆட்டோக்காரரிடம் இடம் சொல்லக்கூட மொபைலில் டைப் செய்து காட்டுகிறேன். மகளின் பெயர் ‘அ’வில் தொடங்கும்; அந்த எழுத்திலேயே அடைத்துக்கொள்வதால் கைதட்டித்தான் கூப்பிடுகிறேன். விளக்கேற்றும்போது பாட்டு மட்டும் தடையில்லாமல் வருகிறது. அதைக் கேட்டு, “நடிக்கிறாள்” என்கிறார் நாத்தனார். இப்போது மகளுக்கு வரன் பார்க்கிறோம். “மாப்பிள்ளை வீட்டு போன் வந்தால் நீ எடுக்காதே, நான் பேசிக்கொள்கிறேன்” என்கிறார் கணவர். அவர் சொல்வதும் சரிதானோ? கண்ணாடியில் தெரிவது நான்தான், பேசுவது வேறு யாரோ என்று இருக்கிறது.
- பெயர் வேண்டாம், செம்பூர்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

நாத்தனார் கணக்கை முதலில் தீர்த்துவிடலாம். பேசும்போது நெரிகிற குரல் பாடும்போதும் சிரிக்கும்போதும் கிசுகிசுக்கும்போதும் சரியாக வருவது இந்த நோயின் லட்சணமே. பலருக்கும் அப்படித்தான். பேசுவதற்கென்று மூளையிலிருந்து தொண்டைத் தசைகளுக்குப் போகும் கட்டளையில் கோளாறு. குரல் நாண்கள் வேண்டாத நேரத்தில் இறுகி மூடிக்கொள்கின்றன. உங்களுக்கு இருக்கும் இந்த வகையில் உயிரெழுத்தில் தொடங்கும் சொற்கள் அதிகம் மாட்டும். மகளின் பெயரில் அடைப்பதற்குக் காரணம் அந்த ‘அ’தான். டென்ஷன் இதைக் கூட்டும், ஆனால் உண்டாக்குவதில்லை. ஒரு காலத்தில் டாக்டர்களே இதை மனக்கோளாறு என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள், நாத்தனாரை மட்டும் சொல்லி என்ன பயன்?

இனி அந்தக் கண்ணாடி விஷயம். நாம் குரலை வைத்து ஆளை எடைபோடுகிற கூட்டம். போனில் விட்டு விட்டுப் பேசுகிறவர் எதையோ மறைக்கிறார் என்று நானே பல வருடம் நினைத்திருந்தேன். உங்கள் குரல் நெரிந்து வரும்போது, கேட்பவர் காதில் அது அழுகையாகவோ பயமாகவோ விழுகிறது. உடனே அவர் குழந்தையிடம் பேசுவதுபோல் நிதானமாகப் பேசுவார், பாதியிலேயே உங்கள் வாக்கியத்தை முடித்துக் கொடுப்பார். லோக்கல் ரயிலில் பக்கத்து சீட்டுப் பெண்மணி “காய் ஜாலா?” (என்ன ஆச்சு?) என்று தோளைத் தொடுவார். ஒருநாள் என்றால் சிரித்துவிட்டுப் போகலாம். நாலு வருடம் ஊரே உங்களைப் பயந்தவளாக நினைத்துப் பேசினால், ஒருவேளை நான் அப்படித்தானோ என்ற சந்தேகம் யாருக்கும் வரும். உங்களுக்குள் வந்திருக்கும் அந்த ‘வேறு யாரோ’, ஊர் உங்கள் குரலிலிருந்து கற்பனை செய்துகொண்ட பெண். அவளுக்காக நீங்கள் போனை வைத்துவிட்டீர்கள், ஆட்டோவில் வாயை மூடிக்கொண்டீர்கள்.

கணவர் சொல்வது சரியா? இல்லை. அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லியிருக்க மாட்டார். உங்களைச் சங்கடத்திலிருந்து காப்பாற்றப் பார்க்கிறார், தன்னையும் கொஞ்சம். ஆனால் வரன் பேசும் இடத்தில் அம்மா பேசவே மாட்டேன் என்கிறாள் என்றால், மாப்பிள்ளை வீட்டார் தாங்களாகவே ஒரு கதை கட்டிக்கொள்வார்கள். அம்மாவுக்கு இஷ்டமில்லை, வீட்டில் ஏதோ பிரச்சினை என்று. உங்கள் உடைந்த குரலால் வரக்கூடிய சங்கடத்தைவிட அது மோசம். முதல் நிமிடத்திலேயே நீங்களே சொல்லிவிடுங்கள்: “தொண்டைத் தசை இறுகுவதால் குரல் இப்படி வரும். வலி கிடையாது. கொஞ்சம் பொறுத்துக் கேளுங்கள்.” போனில் பேசுவது நேரில் பேசுவதைவிடச் சிரமமாக இருப்பதும் இந்த நோயில் சகஜம். அதனால் முதல் பேச்சை சேடா நகர் முருகன் கோயில் மாதிரி ஓரிடத்தில் நேரில் வைத்துக்கொள்ள முடியுமா பாருங்கள்.

“பொண்ணுக்கும் வருமா?” என்ற கேள்வியை அவர்கள் வாய்விட்டுக் கேட்க மாட்டார்கள். பெரும்பாலோருக்குக் குடும்பத்தில் வேறு யாருக்கும் இது இருப்பதில்லை. உங்கள் நரம்பியல் டாக்டரிடம் இதைக் கேட்டு, பதிலைக் கையில் வைத்திருங்கள்.

சிகிச்சையைப் பற்றிக் கடிதத்தில் ஒன்றுமே இல்லையே, ஏன்? அடியோடு குணப்படுத்தும் மருந்து இல்லை என்பது நிஜம். ஆனால் முகச் சுருக்கத்துக்குப் போடுகிறார்களே, அந்த போடாக்ஸ் ஊசியையே மிகக் கொஞ்சமாகக் குரல்வளைத் தசையில் போடுவார்கள். இறுக்கம் தளர்ந்து, சுமார் 3 முதல் 4 மாதம் பேச்சு இலகுவாகும். அப்புறம் மறுபடி போட வேண்டும். முதல் ஒன்றிரண்டு வாரம் குரல் காற்றாகப் போகும், தண்ணீர் குடித்தால் புரையேறும். ஊசி போட்டுக்கொண்டால் அந்த வாரங்களில் பெண் பார்க்கும் நாளை வைத்துவிடாதீர்கள்! குரல்வளை சிகிச்சையில் பழக்கமுள்ள காது மூக்கு தொண்டை டாக்டர்தான் இதைச் செய்ய வேண்டும். பேச்சுப் பயிற்சிக்கு பாந்த்ராவில் இருக்கும் அலி யாவர் ஜங் தேசிய நிறுவனத்தில் விசாரியுங்கள். பயிற்சி மட்டும் நோயைப் போக்காது. மூச்சைக் கொஞ்சம் முன்னே விட்டு உயிரெழுத்தைத் தொடங்குவது போன்ற உபாயங்கள் கைவரும்.

அமெரிக்காவின் ராபர்ட் எஃப். கென்னடி ஜூனியருக்கும் இதே நோய்தான். அவர் அரசியல் எனக்குப் பிடிக்காது, அது வேறு. ஆனால் 2024 அதிபர் தேர்தலுக்காக மேடை மேடையாக இதே நெரிந்த குரலில்தான் பேசினார், குரலுக்காக வாயை மூடிக்கொள்ளவில்லை. நீங்கள் பேச வேண்டியதெல்லாம் நாலு பேர் உட்கார்ந்திருக்கும் ஒரு ஹாலில்.

அதற்கு முன்னால் ஒன்று. இன்று ராத்திரி மகளைச் சாப்பிடக் கூப்பிடும்போது கைதட்டாதீர்கள். அடுப்பை அணைத்துவிட்டு, லேசாக மூச்சை விட்டு, பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். ‘அ’ இரண்டு தடவை உடைந்து வரட்டும், அவள் தட்டை எடுத்துக்கொண்டு வருவாள்.