அம்மம்மாவின் தாயை உறுதியில் தேடுங்கள்

கேள்வி: எனக்கு 63 வயது. பூர்வீகம் வடமராட்சி, இப்போது இருப்பது கொட்டாஞ்சேனை. கனடாவில் இருக்கும் பேத்தி எங்கள் வம்சாவழி கேட்கிறாள். அப்பா பக்கம் அப்பப்பாவின் தகப்பன் வரை சொல்லிவிட்டேன். அம்மா பக்கம் அம்மம்மாவோடு நின்றுவிட்டது. ஊரில் கேட்டுப் பார்க்க ஒருவரும் மிச்சமில்லை. எங்கே தேடலாம்? – வாசகி, கொட்டாஞ்சேனை

பதில்: நீங்கள் மறந்துவிட்டதாக நினைத்து வருந்த வேண்டாம் அக்கா. நம் பதிவேடுகளே அப்படித்தான். 1948 ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் தகப்பன் எங்கே பிறந்தார், அவர் தகப்பன் எங்கே பிறந்தார் என்று ஆண்வழியாகவே கேட்டது. அதற்குப் பிறகு வந்த பிறப்புச் சான்றிதழில் பாட்டனாரின் பெயர், பிறந்த வருடம், இடம் எழுத ஒரு கூடு இருக்கிறது. அது அப்பப்பாவுக்கு உரியது. அம்மம்மாவுக்குக் கூடு இல்லை. விவாகப் பதிவிலும் தகப்பன்மாரின் பெயர்தான்.

பெண்களின் பெயர் காணி உறுதிகளில், அதாவது காணி கைமாறும்போது நொத்தாரிசு எழுதும் பத்திரங்களில், இருக்கிறது. புதுக்கடையில் ஒரு நொத்தாரிசிடம் 28 வருடம் எழுதுவினைஞராக இருந்தேன். என் கையால் பார்த்ததைச் சொல்கிறேன். 1707 இல் ஒல்லாந்தர் எழுத்தில் கொண்டுவந்த தேசவழமை யாழ்ப்பாணத் தமிழருக்கு இன்றும் சட்டம். சீதனக் காணி பெண்ணுடையது, ஆனால் புருஷனின் சம்மதம் இல்லாமல் அவள் விற்க முடியாது. அதனால் பெண் காணி கைமாறும் இடத்தில் இருவர் பெயரும் விழும். சீதன உறுதியிலோ தாய், தகப்பன், மகள், மருமகன் எல்லோரும் ஒரே தாளில் இருப்பார்கள்.

அலுமாரியில் பழைய உறுதி இருந்தால் கடைசியில் உள்ள அட்டவணையை எடுங்கள். காணியின் பெயர், எத்தனை பரப்பு, எத்தனை குழி, பனை வடலி, கிணற்றில் பங்கு, வழிவாய்க்கால் என்று போகும். அப்புறம் நாலு எல்லை. ‘கிழக்கு இன்னார் மனைவி இன்னாள், வடக்கு ஒழுங்கை’ என்று இருக்கும். எல்லோரும் தாண்டிப் போகிற வரி அதுதான். நீங்கள் அதிலேயே நில்லுங்கள். தகப்பன் ஒரு காணியைப் பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுத்தால் பக்கத்து எல்லைக்காரி பெரும்பாலும் கூடப் பிறந்தவள்தான். என் அம்மம்மாவுக்கு ஒரு தமக்கை இருந்ததை நான் தெற்கு எல்லையில்தான் கண்டேன். வீட்டில் அவரைப் பற்றி ஒரு சொல் கேட்டதில்லை. அன்று இரவு எனக்கு நித்திரை வரவில்லை.

உறுதி போரில் வீட்டோடு போய்விட்டதா? ஒரு உறுதிக்கு மூன்று பிரதி உண்டு. மூலப்பிரதி உங்களுக்கு, ஒன்று நொத்தாரிசிடம், மற்றது காணிப் பதிவகத்துக்கு. வடமராட்சிக் காணிக்கு யாழ்ப்பாணப் பதிவகத்தில் விசாரியுங்கள். காணியின் பெயரும் ஊரும் தெரிந்தால் போதும், ஏட்டில் ஒவ்வொரு கைமாற்றமாகப் பின்னால் போகலாம். அங்கிருந்து சான்றுப்படுத்திய பிரதியும் எடுக்கலாம்.

பிறப்பு, இறப்புப் பதிவு 1867 இல் தொடங்கியது. அம்மம்மாவின் பிறப்புப் பதிவு கிடைத்தால் அவருடைய தாயின் பெயர் அதில் இருக்கும். பிறந்த வருடம் தெரியாவிட்டால், முதலில் உறுதியைப் பார்த்து ஒரு பத்து வருடத்துக்குள் ஊகித்துக்கொள்ளுங்கள்.

கொழும்பு 7 இல் தேசிய சுவடிக்கூடம் இருக்கிறது. ஒல்லாந்தக் கம்பனியின் ஏடுகள் அங்கே உள்ளன. 2003 இல் யுனெஸ்கோ அவற்றை உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. காணியையும் குடியையும் எழுதிய தோம்புகளும் அந்தக் காலத்தவைதான். ஆனால் அவை ஒல்லாந்த மொழியில் இருக்கின்றன. கையில் காணிப் பெயர் இல்லாமல் போனால் வெறுங்கையோடுதான் திரும்புவீர்கள், கடைசியில் போங்கள்.

ஒன்று மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். பழைய உறுதியை லாமினேட் செய்யாதீர்கள். சூட்டில் மை மங்கும், பிறகு பிரிக்கவும் முடியாது. வெயில் படாத இடத்தில் வைத்து, கைத்தொலைபேசியால் ஒவ்வொரு பக்கமாகப் படம் பிடித்து, எல்லைகள் உள்ள பக்கத்தை முதலில் பேத்திக்கு அனுப்புங்கள்.