எம்ஜிபி (பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்): இறக்கத்தில் பிரேக் பெடல் அடிவரை போவது

நுவரெலியாவிலிருந்து ரம்பொடைப் பக்கம் இறங்கும்போது பெடல் அடிவரை போகிறது, கார் ஆறியதும் சரியாகிறது என்கிறீர்கள். பிரேக் ஒயில் சூட்டில் கொதித்து ஆவிக்குமிழ் உண்டாகியிருக்கிறது; பெடல் அதைத்தான் அமுக்குகிறது. பிரேக் ஒயில் காற்றின் ஈரத்தை இழுக்கும்: புது டொட் 4 (பிரேக் ஒயிலின் ஒரு தரம்) குறைந்தது 230 பாகை செல்சியஸ் தாங்கும், ஈரம் 3.7 வீதமானால் 155 பாகையிலேயே கொதிக்கலாம். பழையதை முழுதாக வடித்து, மாஸ்டர் சிலிண்டருக்கு (பெடலை மிதிக்க ஒயிலைச் சக்கரங்களுக்குத் தள்ளும் உருளை) தூரமான சக்கரத்தில் தொடங்கி, குழாய்களிலுள்ள காற்றை வெளியே எடுங்கள். முன்பே திறந்து வைத்த ஒயில் போத்தல் வேண்டவே வேண்டாம். பின் சக்கர பிரேக் டிரம்மின் சதுரத்தலை அட்ஜஸ்டரைச் சக்கரம் இறுகும்வரை திருப்பி, தடையின்றிச் சுற்றுமளவு தளர்த்துங்கள்.

கார் ஆறியிருக்கும்போதும், மிதித்துப் பிடித்த பெடல் மெல்ல இறங்கினால் மாஸ்டர் சிலிண்டர் ரப்பர் பெரும்பாலும் போயிருக்கும். மாற்றாமல் தயவுசெய்து காரை எடுக்காதீர்கள். இறக்கத்தில் ஓவர்டிரைவை (எஞ்சின் சுற்றைக் குறைக்கும் கூடுதல் கியர்) நிறுத்தி, இரண்டாம் கியரில் வாருங்கள்.